நையாண்டி மேளம்: பேரு வச்சது யாரு?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் தொகைநிலைத் தொடரை விரித்து எழுதச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? ‘தேர்ப்பாகன்’ என்று கொடுத்தால் ‘தேரை ஓட்டும் பாகன்’ என்று எழுத வேண்டும். ‘பொற்சிலை’ என்றால் ‘பொன்னால் ஆகிய சிலை’. நடுவில் ஒளிந்திருக்கும் சொல்லை வெளியே இழுத்துப் போட்டால் மதிப்பெண்.

சரி, இப்போது ‘நையாண்டி மேளம்’ என்பதை விரித்து எழுதுங்கள் பார்ப்போம்.

நையாண்டி என்றால் கேலி, கிண்டல், நக்கல். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நடுவில் ஒளிந்திருப்பது எது? ‘நையாண்டி செய்யும் மேளம்’ என்பதா, ‘நையாண்டி செய்யப்படும் மேளம்’ என்பதா? முதலாவது என்றால் மேளக்காரர்கள் ஊரைக் கிண்டல் செய்கிறார்கள். இரண்டாவது என்றால் ஊர் மேளக்காரர்களைக் கிண்டல் செய்கிறது. இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இந்த ஒரு கேள்விதான் கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் தவில் வாசித்துக்கொண்டிருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: சொந்த ஊர் ராயகிரி. சங்கரன்கோவில் வட்டாரம். முன்பு திருநெல்வேலி மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். சிவகிரியும் வாசுதேவநல்லூரும் பக்கத்து ஊர்கள். எங்கள் பக்கம் அம்மன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு, கரகாட்டம், முளைப்பாரி, தெருவை அதிரவைக்கும் ரேடியோ செட், இவற்றோடு நையாண்டி மேளமும் இருக்கும். நையாண்டி மேளம் இல்லாத கொடையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கொடைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள்.

கேட்காதவர்களுக்காக: பொதுவாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு தாளம். செட்டுக்குச் செட்டு இது கொஞ்சம் மாறும். சில இடங்களில் உறுமியும் கிடுகிட்டியும் சேரும். பம்பை என்பது ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு மத்தளங்கள். தமுக்கு ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய சட்டி மாதிரி, இரண்டு குச்சியால் அடிப்பது. நாதஸ்வரமும் தவிலும் கோயிலில் வாசிக்கும் அதே கருவிகள்தான். ஆனால் வாசிக்கிற விதம் வேறு. கச்சேரியில் வித்வான் உட்கார்ந்து ராகத்தை ஆற அமர விரிப்பார். இங்கே யாரும் உட்காருவதே இல்லை. தவில்காரர் குனிந்து, நிமிர்ந்து, சுழன்று வாசிப்பார். பம்பைக்காரர் எதிரே வந்து நின்று ‘எங்கே, இதை அடி பாப்போம்’ என்று ஒரு துண்டு அடிப்பார். இவர் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பார். நடுவில் கரகம் வைத்து ஆடுகிற அக்கா தலையில் குடம் அசையாமல், வாயால் இருவரையும் வாரிக்கொண்டிருப்பார். மைக் இல்லாமலே மூன்று தெரு தாண்டிக் கேட்கும்.

ராக் கச்சேரி என்றால் என்ன என்று ராயகிரியில் யாராவது கேட்டால் நான் கிடார் படத்தைக் காட்ட மாட்டேன். இதைத்தான் காட்டுவேன்.

ராக் என்று சும்மா சொல்லவில்லை. இந்தக் கேள்வியே ஹாஸ்டலில் ஒரு டீ-சர்ட்டிலிருந்துதான் ஆரம்பித்தது. என் ரூம்மேட்டுக்குச் சென்னை. ‘ரமோன்ஸ்’ என்று நெஞ்சில் எழுதிய கறுப்பு டீ-சர்ட்டை வாரத்துக்கு நாலு நாள் போடுவான். என்ன பாட்டு இது என்று கேட்டேன். “பங்க் மச்சி” என்றான். எங்கள் ஊரில் பங்க் என்றால் பெட்ரோல் போடுகிற இடம் :-) அப்புறம் அவன் இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தான். பதிலுக்கு நான் என் போனில் இருந்த கொடை வீடியோவைப் போட்டுக் காட்டினேன். “செம எனர்ஜிடா, இதுக்குப் பேர் என்ன?” என்றான். நையாண்டி மேளம் என்றதும் சிரித்துவிட்டான். “என்னடா, பேரே காமெடியா இருக்கு!”

அவன் நெஞ்சில் போட்டிருக்கிற பெயர் மட்டும் என்ன யோக்கியமாம் என்று தேடிப் பார்த்தேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

‘பங்க்’ பழைய ஆங்கில வசைச்சொல். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அது விலைமாதைக் குறிக்கும். அமெரிக்காவுக்குப் போனபின் உருப்படாதவன், சில்லறைத் திருடன் என்று பொருள் மாறியது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘வெட்டிப்பய’, ‘பொறுக்கி’. 1960-களில் வீட்டு கார் ஷெட்டில் கூடி, சரியாக வாசிக்கத் தெரியாமலே சத்தமாக வாசித்த பையன்களின் பாட்டைக் குறிக்க 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்தார்கள். ‘கிரீம்’ என்ற இசைப் பத்திரிகையில் டேவ் மார்ஷ் 1971-ல் ‘பங்க் ராக்’ என்று எழுதினார். அதன்பின் நியூயார்க்கில் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு பத்திரிகையே ஆரம்பித்து அதற்கு ‘பங்க்’ என்று பெயர் வைத்தார்கள். முதல் இதழ் 1976 ஜனவரி. அதே 1976-ல்தான் ரமோன்ஸின் முதல் ஆல்பமும் வந்தது. ‘ஆமாம், நாங்க பொறுக்கிங்கதான், இப்ப என்ன?’ என்று நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். வசை பேட்ஜ் ஆகிவிட்டது. இன்றைக்கு அந்தப் பேட்ஜ் டீ-சர்ட்டாகத் துணிக்கடையில் தொங்குகிறது.

இன்னொரு பெயர் இதைவிடத் தமாஷ்: ‘கிராட்ராக்’. 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கேன், ஃபௌஸ்ட், நோய் என்று பல குழுக்கள் விசித்திரமான புது இசை செய்துகொண்டிருந்தன. அதற்கு பிரிட்டிஷ் பத்திரிகைகள் போட்ட பெயர் இது. ‘கிராட்’ என்பது உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியர்களைத் திட்டப் பயன்பட்ட சொல். அவர்கள் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் தின்பவர்களாம், அந்தப் பதார்த்தத்தின் பெயரில் பாதியை வெட்டி எடுத்த வசை. நாம் அருமையாக ஒரு இசையைச் செய்ய, யாரோ ஒரு வெளியூர்க்காரன் அதற்கு ‘சாம்பார் ராக்’ என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். ஃபௌஸ்ட் குழு என்ன செய்தது தெரியுமா? 1973-ல் வந்த ‘ஃபௌஸ்ட் 4’ ஆல்பத்தின் முதல் பாட்டுக்கே, கிட்டத்தட்ட 12 நிமிடம் ஓடுகிற பாட்டுக்கு, ‘கிராட்ராக்’ என்று பெயர் வைத்தது. நீ கொடுத்த பட்டத்தை நானே எடுத்துக்கொள்கிறேன், இப்போது கேள் என்பது போல. அந்த ஆல்பம் வந்தே ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சொல்லில் இன்று வசை வாடை கிட்டத்தட்ட இல்லை.

ஆக ஒரு இசைக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் அதை வாசிப்பவன் இல்லை. தள்ளி நின்று பார்க்கிறவன், அதுவும் கொஞ்சம் உயரத்தில் நின்று பார்க்கிறவன். அந்தப் பெயரை வாங்கியவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பதுதான் அடுத்த கதை.

இப்போது ராயகிரிக்குத் திரும்பி வருவோம். ‘நையாண்டி மேளம்’ என்ற பெயரைத் தனியாகப் பார்த்தால் அது வெறும் ஜாலியான பெயர். பக்கத்தில் இருக்கிற பெயரோடு சேர்த்துப் பார்த்தால்தான் சுருக்கென்று குத்தும். எங்கள் பக்கத்துக் கொடை நோட்டீஸ்களில் கோயில் முறைப்படி வாசிக்கிற நாதஸ்வர-தவில் கோஷ்டிக்குப் பெயர் ‘ராஜ மேளம்’. தஞ்சாவூர்ப் பக்கம் அதையே பெரிய மேளம் என்பார்கள். ஒரு மேளம் ராஜா. இன்னொரு மேளம் நையாண்டி. அரண்மனையில் ராஜா நாற்காலியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற வேடம் எது? கோமாளி வேடம்தானே?

கருவி ஒன்றுதான். ஊதுகிற மூச்சும் ஒன்றுதான். ஆனால் பெயரிலேயே ஒருவருக்கு நாற்காலி, இன்னொருவருக்குக் குட்டிக்கரணம்.

சினிமாவிலும் இதே வரிசைதான். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜி சிக்கல் சண்முகசுந்தரமாக நாதஸ்வரத்தோடு நடந்து வரும்போது எப்படி ஒரு கம்பீரம்! அவருக்காகப் பின்னணியில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதே படத்தில் கரகாட்டப் பக்கத்தைத் தாங்கியவர் ஜில் ஜில் ரமாமணியாக வந்த மனோரமா. சிரிப்பும் அவருக்குத்தான், கொஞ்சம் கண்ணீரும் அவருக்குத்தான். அடுத்து 1989-க்கு வாருங்கள், ‘கரகாட்டக்காரன்’. தவில் வாசிக்கிறவர் கவுண்டமணி, நாதஸ்வரம் ஊதுகிறவர் செந்தில். வாழைப்பழக் கதை ஊருக்கே தெரியும். அதே இரண்டு கருவிகள்தான். முதல் படத்தில் கதாநாயகன் கையில் இருந்தன, இரண்டாவது படத்தில் காமெடியன்கள் கையில் இருக்கின்றன. தவிலும் நாதஸ்வரமும் நையாண்டிப் பக்கம் வந்ததும் படம் பார்க்கிறவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் படத்தில் கவுண்டமணி யாரை விட்டுவைத்தார்? காரில் போகிற பணக்காரர், ஊர்ப் பெரிய மனிதர், சொந்த செட்டுக்காரர் என்று எல்லாரையும் வாருவார். நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊர்க் கொடையிலும் அப்படித்தான். கரகாட்ட அக்காவும் மேளக்காரரும் கேள்வி-பதிலில் இறங்கினால், முன் வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்கள் நெளிவார்கள். வருஷம் முழுக்க அவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத ஊர், அந்த ஒரு ராத்திரி கைதட்டிச் சிரிக்கும். செய்யும் மேளம், செய்யப்படும் மேளம், இரண்டும் ஒரே ராத்திரியில், ஒரே ஆள் கையில் நடக்கிறது.

ஒரே பெயருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதுசும் இல்லை. சங்கரன்கோவிலில் இருக்கிற சாமியின் பெயரே சங்கரநாராயணர். ஒரு பாதி சிவன், ஒரு பாதி திருமால். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் யார் சாமி பெரியவர் என்று சண்டை போட, கோமதி அம்மன் தவம் இருந்து இரண்டும் ஒன்றுதான் என்று காட்டச் செய்த கதையைத்தான் வருஷா வருஷம் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறோம். ‘சங்கரநாராயணன்’ என்பதை விரித்து எழுதினால் ‘சங்கரனும் நாராயணனும்’. அதே மாதிரி நையாண்டி மேளத்தையும் ‘செய்யும்’, ‘செய்யப்படும்’ இரண்டையும் போட்டு விரித்தால்தான் சரியான விடை என்பது என் கட்சி.

இதெல்லாம் ஹாஸ்டல் வெட்டிப்பேச்சு என்று நினைத்தால், இந்த வருஷம் ஊரில் இது நிஜச் சண்டையாகவே வந்து நின்றது. கொடை நோட்டீஸ் அடிப்பதற்காகப் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தார்கள். என் சித்தப்பா மகன், இன்ஜினியரிங் படிப்பவன், சொன்னான்: “பெரியப்பா, நையாண்டி மேளம்னு போடாதிய. வாட்ஸப்ல போட்டா வெளியூர்ப் பயலுவ கேலி பண்ணுதாங்க. கிராமிய மங்கல இசைன்னு போடுவோம்.” இன்னொருவர், “எதுக்கு அந்த வம்பு, செண்டை மேளம் சொல்லிருவோம், பாக்க கெத்தா இருக்கும்” என்றார். செங்கோட்டை தாண்டினால் கேரளா. எங்கள் பக்கத்துக் கொடைகளில் செண்டை மேளம் வருவது இப்போது சகஜம். அது வருகிற ஊரில் பல சமயம் நையாண்டி செட்டுக்கு அந்த வருஷம் வெத்தலை பாக்கு வராது.

பெயரை மாற்றினால் மரியாதை வந்துவிடுமா? தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. சதிர் என்று அழைக்கப்பட்ட ஆட்டம் 1930-களில் ‘பரதநாட்டியம்’ ஆனது. சென்னை மியூசிக் அகாடமி மேடைக்கு வந்தது. பெயருக்கு மரியாதை வந்தது, ஆட்டத்துக்கும் வந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதை ஆடிவந்த தேவதாசி மரபுப் பெண்களில் பெரும்பாலோர் அந்த மேடைக்கு வெளியே நின்றார்கள். பெயர் மாடி ஏறியது, ஆட்கள் வாசலில் நின்றார்கள். ‘கிராமிய மங்கல இசை’ என்று நோட்டீஸில் போட்டுவிட்டு, அதே மேளக்காரரைக் கோயில் திண்ணைக்குக் கீழே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால் என்ன பிரயோஜனம்?

அப்படியானால் பெயர் வைக்கிற வேலையை வாசிக்கிறவர்களே செய்தால்? அதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானா, ராக், ராப் எல்லாவற்றையும் கலந்து அடித்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து தன் பெயரைத் தானே எடுத்துக்கொண்டது. யாரும் பட்டம் கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. இளையராஜா இன்னொரு வழி பிடித்தார். 1986-ல் அவர் வெளியிட்ட ஆல்பத்தில் பாஹ் பாணியும் நம் ராகங்களும் சேர்ந்து ஓடும். அதை எந்தப் பெட்டியில் போடுவது? அவர் வைத்த பெயரே ஒரு கேள்வி: ‘ஹவ் டு நேம் இட்?’ இதற்கு எப்படிப் பெயர் வைப்பது என்பதையே பெயராக வைத்துவிட்டார்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊருக்கு வருஷா வருஷம் வருகிற செட்டின் தவில்கார அண்ணாச்சியிடமே போய்க் கேட்டேன். அறுபது வயது தாண்டியவர். வலது கை விரல்களில் மாட்டும் கூடுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். “அண்ணாச்சி, நையாண்டி மேளம்னு சொல்லுததுல உங்களுக்கு வருத்தம் இல்லையா?”

சிரித்தார். “ராஜ மேளம் சாமிக்கு வாசிக்கும். நாங்க சாமி கும்பிட வந்த சனத்துக்கு வாசிக்கோம். சனம் சிரிச்சாத்தான தம்பி எங்களுக்குச் சோறு? பேரு கெடக்கட்டும். பேசுன துட்ட முழுசாத் தரச் சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “நோட்டீஸ்ல ராஜ மேளத்துக்கு வித்வான் பேரு, அவரு ஊரு, அவரு வாங்குன பட்டம் எல்லாம் போடுதிய. எங்களுக்கு ‘நையாண்டி மேளம் செட்’டுன்னு ஒத்தை வரி. நாப்பது வருசமா அடிக்கேன், ஒரு நோட்டீஸ்லயும் எம் பேரு இல்ல. இருந்தா பேத்திகிட்டக் காட்டலாம்.”

வீட்டுக்குப் போய்ப் பரண் மேல் கிடந்த பழைய நோட்டீஸ்களை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். நாதஸ்வர வித்வான் பெயர் தடித்த எழுத்தில். வில்லிசைக்காரர் பெயர் போட்டோவோடு. ரேடியோ செட்காரர் பெயர்கூட இருக்கிறது, போன் நம்பரோடு! நையாண்டிக்கு மட்டும் ‘செட்’.

நாங்கள் ஹாஸ்டலில் உட்கார்ந்து மேளத்தின் பெயரைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம். அவர் மேளக்காரரின் பெயரைப் பற்றிப் பேசினார். பங்க் என்ற வசை ஏன் பெருமையாக மாறியது என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. சொல்லைத் துடைத்து வெள்ளையடித்ததால் இல்லை. ரமோன்ஸ் என்ற பெயர் ஆல்பத்தின் அட்டையில் அச்சாகி வந்தது. யார் வாசித்தார்கள், எந்த வருஷம், எந்த ஊர் என்று எல்லாம் எழுதிவைக்கப்பட்டது. ஆட்களுக்குப் பெயர் கிடைத்ததும் அவர்களைத் திட்டிய சொல்லுக்கும் மதிப்பு வந்தது. நையாண்டி மேளத்தில் அந்த முதல் படியையே நாம் இன்னும் ஏறவில்லை.

அதனால் பெரியப்பாவிடம் நான் கேட்டது இரண்டே இரண்டு. நையாண்டி மேளம் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே, தவில் இன்னார், நாதஸ்வரம் இன்னார், பம்பை இன்னார், தமுக்கு இன்னார், கரகம் இன்னார் என்று ஊரோடு சேர்த்துப் போடுங்கள். கூட நாலு வரி, அவ்வளவுதான். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “எடம் பத்தாதேப்பா, நன்கொடையாளர் பட்டியல் இருக்கே” என்றார். நன்கொடையாளர் பட்டியலில் எங்கள் குடும்பத்துப் பெயர் மட்டும் ஆறு இடத்தில் வருகிறது. அதில் இரண்டை எடுத்துவிடலாம் என்றேன். முறைத்தார். முடியாது என்று சொல்லவில்லை. நோட்டீஸ் இன்னும் பிரஸ்ஸுக்குப் போகவில்லை.

உங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸ் வீட்டில் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது, யார் வெறும் ‘செட்’டாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் நையாண்டி மேளத்தை விரித்து எழுதுங்கள்.